துரைசானிக்கு இடுப்பு வலி

"கத்தியத் தொடாதீங்க மச்சான், இப்பவே சொல்லிட்டேன்..."

"கத்திப் பேச்ச யாரு எடுத்தா? முதல்ல அந்த ஜன்னலத் திறங்க, அது மூச்சு..."

"எனக்குக் குட்டி முழுசா வேணும்..."

"மூச்சு விட முடியாமத் தவிக்குதுங்கறேன், நீங்க குட்டி குட்டின்னு..."

"குட்டி இல்லேன்னா நான் லாரியில ஏறணும். சயாமுக்குப் போகணும். அது தெரியுமில்ல உங்களுக்கு?"

அடுப்பங்கரை வாசலில் ஈரச் சாக்கோடு நின்ற அம்சவள்ளி, ஒரு பக்கம் புருஷனையும் இன்னொரு பக்கம் அண்ணனையும் பார்த்தாள். சாக்கிலிருந்து தண்ணீர் அவள் கால் விரலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஜன்னல நான் தொறக்கறேன்" என்றாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் வழிய விடுங்க. சாக்கு காஞ்சிரும்."

மேசைக்கு அடியில் துரைசானி படுத்திருந்தாள். வெள்ளை உடம்பு, சப்பை மூக்கு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது வேறொரு சத்தம். விடிந்ததிலிருந்து சோறு தொடவில்லை. மூலையில் கிடந்த சாக்கை முன்னங்காலால் பிறாண்டிப் பிறாண்டி நார் நாராக்கி வைத்திருந்தாள்.

துரைசானி இந்த வீட்டுக்கு வந்த கதை தோட்டம் முழுக்கத் தெரிந்ததுதான். ஜப்பான்காரன் சைக்கிளில் வருகிறான் என்றதும் மேட்டு பங்களா துரை கப்பலைப் பிடிக்க ஓடினான். ஓடுவதற்கு முன் அலோர் ஸ்டாரிலிருந்து மாட்டு டாக்டர் ராமையாவைக் கூப்பிட்டனுப்பி, "என் நாய்கள் எவன் கையிலும் சிக்கக் கூடாது, மூன்றுக்கும் ஊசி போட்டுவிடு" என்று சொல்லிவிட்டுப் போனான். ராமையா இரண்டுக்குப் போட்டார். மூன்றாவது அவர் கையை நக்கியது. ஊசியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி, தங்கை வீட்டு வாசலில் நின்றார். "ரெண்டு நாளைக்கு வச்சிரு அம்சா. நல்ல இடமாப் பாத்து மாத்திடறேன்" என்றார்.

நல்ல இடம் கிடைக்கவேயில்லை. அதற்குப் பதில் மொரிதா வந்தான்.

மேட்டு பங்களாவில் குடியேறிய அந்த ஜப்பான் அதிகாரியிடம் பினாங்கு வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன ஆண் புல்டாக் ஒன்று இருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான அம்சவள்ளியின் புருஷன் வீட்டில் அதே ஜாதியில் பெண் நாய் இருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு ஆசை பிறந்துவிட்டது. சுத்த ஜாதிக் குட்டி வேண்டும். ஒன்று தனக்கு, ஒன்று அலோர் ஸ்டாரில் இருக்கும் தன் மேலதிகாரிக்கு. துரைசானிக்கு அவன் ஹனா என்று பெயர் வைத்தான். அவள் அந்தப் பெயருக்கு இன்றுவரை காதைக்கூட ஆட்டியதில்லை.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்த ஆண்களை எல்லாம் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனபோது, கிராணி தர்மலிங்கம் மட்டும் தப்பினார். நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மொரிதா சொல்லிவிட்டான். குட்டி பிறக்கும்வரை கிராணிக்கு உயிர் உண்டு. தர்மலிங்கம் அதை இப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அம்சவள்ளியும் அப்படித்தான்.

"நான் கேக்கறது ஒண்ணுதான்" என்றார் ராமையா. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வலி எடுத்த உடனே பங்களாவுக்கு ஓடிப் போய் ஏன் சொன்னீங்க மாப்பிள? கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருக்கலாம்ல?"

"சொல்லாம மறைச்சா அதுக்கு வேற அடி விழும்."

"இப்ப சாயங்காலமே வர்றேன்னுட்டானே."

"வரட்டும். குட்டியப் பாத்துட்டுப் போகட்டும்."

ராமையா தரையில் உட்கார்ந்தார். மதராஸ் வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர், ஆனாலும் உட்கார்ந்தால் சம்மணம்தான். துரைசானியின் தலையைத் தன் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மாப்பிள, உட்காருங்க. நீயும் வா அம்சா. நாய் வளக்கறவங்ககிட்ட நான் பின்னால சொல்லிக்கலாம்னு எதையும் மறைச்சதில்ல. முன்னாலயே சொல்லிடறேன். இந்த ஜாதி தானாக் குட்டி போடறது அபூர்வம். தலை பெருசு, இடுப்பு சிறுசு. அப்படிப் பாத்துப் பாத்து வளத்துட்டானுங்க வெள்ளைக்காரனுங்க. மூஞ்சி அழகா இருக்கணும்னு மூக்க அமுக்கிட்டானுங்க. நாயி அதுக்குத்தான் வட்டி கட்டுது."

"இப்ப அந்தக் கதை எதுக்கு?"

"இதுக்குத்தான். குட்டி மாட்டிக்கிட்டா வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும். மயக்க மருந்து என்கிட்ட ஒரு சொட்டு கிடையாது. எல்லாத்தையும் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு அள்ளிட்டுப் போயிட்டானுங்க. மயக்கம் இல்லாம கிழிச்சா தாய் செத்துரும். தாயக் காப்பாத்தணும்னா குட்டிய உள்ளயே துண்டாக்கித்தான் எடுக்கணும். சும்மா விட்டா ரெண்டும் போயிரும். அப்படி ஒரு நிலை வந்தா எதுன்னு இப்பவே சொல்லிடுங்க. அப்ப வந்து நான் கேக்க மாட்டேன்."

"குட்டி" என்றார் தர்மலிங்கம்.

"துரைசானி" என்றாள் அம்சவள்ளி, அதே மூச்சில்.

புருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபம் இல்லை. அடி வாங்கின பிள்ளை பார்ப்பது போல் பார்த்தார். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது. அதை எப்படி அவரிடம் சொல்வது?

"நான் வாசலக் கூட்டறேன்" என்று எழுந்தார் தர்மலிங்கம். பிறந்ததிலிருந்து விளக்குமாற்றைத் தொட்டறியாத மனிதர்.

அவர் போன பிறகு ராமையா மெதுவாகச் சொன்னார். "அவர் மேல தப்பில்ல அம்சா. வெள்ளைக்காரன் பங்களாவுல நான் ரெண்டு தரம் இந்த வேலை பாத்திருக்கேன். அவனும் இப்படித்தான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். நாய்க்குப் பார்க்கற வைத்தியத்துல பாதி நாய்க்காரங்களுக்குத்தான். சாக்க மாத்திப் போடு. குளிர்ச்சி குறையக் கூடாது."

அவள் சாக்கை நனைத்துக்கொண்டிருக்கும்போது பின்வாசலில் குரல் கேட்டது.

"என்ன சம்பந்தியம்மா, வலி எடுத்துருச்சாமே?"

மருதம்மாள். கையில் மூக்குடைந்த தகரப் போணி. லயத்துக் கோடி வீட்டுக்காரி. தினமும் இந்த நேரத்துக்கு வருவாள். துரைசானிக்கென்று பங்களாவிலிருந்து அரிசி வருகிறது. தோட்டத்தில் மனிதர்களுக்கு மரவள்ளிக் கிழங்குதான். நாயின் அரிசியில் ஒரு பிடியைக் கஞ்சியாக்கி மருதம்மாளின் பிள்ளைக்கு அம்சவள்ளி ஊற்றிக் கொடுப்பது கிராணிக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

வாசலிலிருந்து தர்மலிங்கம் எட்டிப் பார்த்தார். "யாருக்கு யாரு சம்பந்தி?"

"சும்மா ஒரு மொறைக்குக் கூப்பிட்டேன் கிராணியாரே."

"என்ன மொறை?"

"பெரட்டுல நின்னு எங்க வீட்டுக்காரர் பேர உங்க வாயாலதான கூப்பிட்டீங்க. இருளப்பன்னு. அந்த மொறை."

தர்மலிங்கத்தின் கையில் விளக்குமாறு நின்றது. மறுபடி கூட்டப் போனார். கூட்டிய இடத்தையே கூட்டுகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டில் ஆட்களை லாரிக்கு நிறுத்தும்போது பெயர் கூப்பிட்டது அவர்தான். கூப்பிடச் சொன்னது துப்பாக்கி. இருளப்பன் போய் எத்தனையோ மாதமாகிறது. ஒரு சேதியும் இல்லை.

அம்சவள்ளி கஞ்சியை ஊற்றினாள். கொஞ்சம் போணிக்கு வெளியே சிந்தியது.

"மெல்ல மெல்ல" என்றாள் மருதம்மாள். பிறகு குரலை இறக்கினாள். "எங்க நாயி கருவாயன் விடியல்லேருந்து உங்க கொய்யா மரத்தடியிலதான் படுத்திருக்கான். கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறான். அந்தப் பொறுப்பு ஆம்பளைங்க எத்தன பேருக்கு இருக்கு சொல்லு."

"மருதம்மா, மெதுவா..."

"பயப்படாத. நான் வாயத் தொறக்க மாட்டேன். எம்புள்ள வயித்துல இருக்கறது இந்த நாய்ச்சோறுதான். ஆனா வர்ற குட்டிக்கு வாய் இருக்குலா. அது பேசிருமே."

போணியை முந்தானையால் மூடிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

அம்சவள்ளி திரும்பியபோது அண்ணன் நாயின் வயிற்றில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல்களால் தேடிக்கொண்டிருந்தார். முகம் மாறியிருந்தது. முதலில் குழப்பம். பிறகு ஒரு சந்தோஷம், மழை பெய்து ஓய்ந்த மாதிரி.

"அம்சா, இங்க வா. தலைங்க சின்னதா இருக்கு. நல்லாவே சின்னது. கத்தி வேண்டியிராது போல. தானா வந்துரும்."

"நெசமாவா அண்ணே?"

"மூணு குட்டி. வழி தாராளமா..." ராமையாவின் கை அப்படியே நின்றது. கண்ணைத் திறந்தார். சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

"இந்த ஜாதிக்குத் தலை சின்னதா இருக்காதே" என்றார்.

அம்சவள்ளி தரையைப் பார்த்தாள்.

"அம்சா. அந்த ஆம்பள நாயக் கொண்டாந்தானுங்களே, அன்னிக்கு நீ கூட இருந்தியா?"

"இருந்தேன்."

"கூடுச்சா? உன் கண்ணால பாத்தியா?"

"எங்க கூடுச்சு. வெயில்ல கொண்டாந்து எறக்கின உடனேயே அது நாக்கத் தள்ளிட்டுப் படுத்துருச்சு. எழுப்பவே முடியல. மொரிதா கோவத்துல நின்னுக்கிட்டிருந்தான். நீங்க உள்ள போங்க துவான், ஆளு பாத்தா அதுக்குக் கூச்சம்னு இவரு அவன உள்ள அனுப்பிட்டு, கொஞ்ச நேரங்கழிச்சுப் போய் ஆயிருச்சின்னு சொல்லிட்டாரு. அவன் சிரிச்சான். இவரும் சிரிச்சாரு."

"அவரு பயத்துல சொன்னாரு. சரி. அப்ப இது எப்படி?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அடுப்பங்கரை மூலையில் சாமி மாடம். எண்ணெய் இல்லாமல் விளக்கு காய்ந்து கிடந்தது.

"அது அந்த நாளுங்கள்ல ரத்தம் போச்சில்ல அண்ணே. அப்ப வெள்ளிக்கிழமை. சாமி மாடம் இருக்கற இடத்துல தீட்டோட எப்படி வச்சிருக்கறது? நாயின்னாலும் அதுவும் பொம்பளைதானே. அதான் பின்னால விறகுக் கொட்டாய்ல கொண்டு போய் விட்டேன். பொண்ணுங்களுக்குச் செய்யற மாதிரி ஓலை மறைச்சு, வேப்பிலை சொருகி, வாசப்படியில உலக்கையக் குறுக்க போட்டு வச்சேன்."

"உலக்கைய?"

"உலக்கையத் தாண்டி ஒண்ணும் வராதுன்னு நெனச்சேன்."

ராமையாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பேயி தாண்டாது அம்சா" என்றார். "நாய் தாண்டும்."

"திட்டுங்கண்ணே."

"எதுக்குத் திட்டறது? சூட்டுல இருக்கற நாய எங்க வைக்கணும், எத்தன நாளைக்கு வைக்கணும்னு உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது நான். ஒரு வார்த்த சொல்லல. கொண்டாந்து வாசல்ல எறக்கிட்டுப் போனேன். எங்க டாக்டருங்க பண்ற தப்பே இதுதான். நாயக் கையில குடுத்துருவோம், நாய்க்காரங்கள விட்டுருவோம்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லட்டுமா? உன் உலக்கைதான் இத இன்னிக்குப் பொழைக்க வைக்கப் போகுது. சுத்த ஜாதிக் குட்டியா இருந்தா சாயங்காலம் நான் இதப் பொதைச்சிருப்பேன்."

"இத பொழைக்க வச்சா அவரப் பொதைக்கணுமே அண்ணே."

துரைசானி தலையைத் தூக்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் முனகினாள்.

"வருது" என்றார் ராமையா. "கொதிக்க வச்ச நூல எடு. அந்த சம்சுச் சாராயத்தக் கொண்டா. கை கழுவு. இந்த ஜாதிக்கு மூஞ்சி சப்பை, கொடிய அதால கடிக்க முடியாது. குட்டி மேல இருக்கற சவ்வ நீதான் கிழிக்கணும். பயந்துராத. மூக்கத் தொடச்சு, தலைகீழாப் பிடிச்சு, முதுகத் தேச்சு விடு."

முதல் குட்டி கையில் விழுந்தபோது அம்சவள்ளிக்குச் சுற்றிலும் எதுவும் கேட்கவில்லை. சவ்வைக் கிழித்தாள், மூக்கைத் துடைத்தாள், தேய்த்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் தேய்த்தாள். ஈரமான சின்ன வாய் திறந்து, கீச்சென்று ஒரு சத்தம். வெள்ளைக் குட்டி. காதோரம் தேன் நிறத்தில் ஒரு திட்டு.

சத்தம் கேட்டு தர்மலிங்கம் ஓடி வந்தார். விளக்குமாறு இன்னும் கையில் இருந்தது.

"வெள்ளை. வெள்ளைதானே? மச்சான், வெள்ளையா இருக்கு பாருங்க."

"பாத்தேன்."

இரண்டாவதும் வெள்ளை. தர்மலிங்கம் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். "கத்திய எடுக்காமயே" என்றார். "மச்சான், காலையில ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க. உங்க கை ராசிக் கை. அம்சா, அந்தக் காப்பிய மச்சானுக்குக் குடு. இருக்கில்ல? மக்காச்சோளக் காப்பியா இருந்தா என்ன, சூடா குடு."

அம்சவள்ளி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. குட்டிகளின் வாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். துரைசானிக்கு வால் என்று ஒன்று கிடையாது. கட்டை விரல் அளவு ஒரு முடிச்சு. குட்டிகளுக்கு அது நீளமாக, ஈரமாக, பின்னங்கால்வரை தொங்கியது.

மூன்றாவது வந்தது.

கருப்பு. தலையிலிருந்து கால்வரை ஒரே கருப்பு, நான்கு பாதம் மட்டும் வெள்ளை. கொய்யா மரத்தடியில் படுத்திருக்கிறவனை அப்படியே அச்சில் வார்த்த மாதிரி.

"என்ன மச்சான் இது?" தர்மலிங்கம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு முகத்தில் மாட்டிக்கொண்டு இறங்க வழியில்லாமல் இருந்தது. "ஏன் இப்படி இருக்கு? மூச்சு முட்டிக் கருத்துருச்சா?"

அம்சவள்ளி அதன் மூக்கைத் துடைத்துத் தாயின் பக்கத்தில் விட்டாள்.

"சம்பந்தின்னாளே மருதம்மா" என்றார் தர்மலிங்கம். எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே பார்த்தார். கொய்யா மரத்தடியில் கருவாயன் காதை நிமிர்த்தி, வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எப்படி?" என்றார், திரும்பாமலே.

"அத அப்புறம் பேசலாம் மாப்பிள. யாரோட..."

"வாலு நீளமா இருக்கு. ரெண்டு வெள்ளைக்கும் வாலு நீளமா இருக்கு. வெட்டிருங்க."

"வேணாம்."

"துரைமாருங்க நாய்க்கு வெட்டியிருக்கீங்கல்ல? வெள்ளைக்காரன் கேட்டா வெட்டுவீங்க, தங்கச்சி புருஷன் கேட்டா மாட்டீங்களா?"

"இன்னிக்கு வால வெட்டறேன். ரெண்டு மாசத்துல மூஞ்சி நீளும். அப்ப எத வெட்டறது?"

"ரெண்டு மாசம் போதும் எனக்கு. ரெண்டு மாசத்துல என்னென்னமோ மாறும். எனக்கு இன்னிக்கு ஒரு நாளக் குடுங்க மச்சான்." அடுத்த கணம் குனிந்து கருப்புக் குட்டியை எடுத்தார். அடுப்பங்கரைத் தண்ணீர் வாளிப் பக்கம் திரும்பினார்.

அம்சவள்ளி எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாளிக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"குடுங்க."

"தள்ளு அம்சா."

"இப்பதாங்க மூச்சு விட்டுச்சு. என் கையிலதான் விட்டுச்சு."

"என் மூச்சு?"

அவள் கை நீண்டுவிட்டது. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவரும் இறுக்கிப் பிடிக்கவில்லை. குட்டி அவள் உள்ளங்கைக்கு வந்தபோது, மேட்டுச் சடக்குச் சாலையில் மோட்டார் சத்தம் கேட்டது.

"காடி வருது" என்றார் ராமையா.

தர்மலிங்கம் சட்டைப் பொத்தானைப் போட்டார். மேல் பொத்தானைக் கீழ்க் காஜாவில் போட்டார். ராமையா ரத்தச் சாக்கைச் சுருட்டினார். அம்சவள்ளி சுற்றும் முற்றும் பார்த்தாள். அரிசிப் பானையா? முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பான். விறகு மறைவா? கீச்சிட்டால் கேட்கும். புடவை மடியை அவிழ்த்தாள், குட்டியை உள்ளே வைத்தாள், இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகினாள். அது அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, இல்லாத முலையைத் தேடி முட்டியது.

மொரிதா உள்ளே வந்தான். பின்னால் துபாஷி வீரசாமி. பீடோங்கில் துணிக்கடை வைத்திருந்தவர், இப்போது துணியும் இல்லை கடையும் இல்லை, ஜப்பான் பாஷை மட்டும் இருக்கிறது. மூன்று பேரும் குனிந்தார்கள். அம்சவள்ளி வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு குனிந்தாள்.

மொரிதா பூட்ஸ் காலோடு மேசையருகே போய் மண்டியிட்டான். இரண்டு வெள்ளைக் குட்டிகளையும் பார்த்தான். அவன் முகம் பத்து வயது குறைந்த மாதிரி ஆனது. கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். ஏதோ சொன்னான்.

"அழகா இருக்குன்னு சொல்றாரு" என்றார் வீரசாமி. "கிராணியாரே, ரொம்ப சந்தோஷம்னு சொல்றாரு. ரெண்டுதானான்னு கேக்கறாரு."

"ரெண்டுதான் துவான்" என்றார் தர்மலிங்கம். குரல் நன்றாகவே வந்தது.

மொரிதாவின் விரல் குட்டியின் வாலில் நின்றது. நீவிப் பார்த்தான். ராமையாவின் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"டாக்டர், சுத்த ஜாதிதானான்னு கேக்கறாரு."

அம்சவள்ளி அண்ணனைப் பார்த்தாள். அண்ணனுக்குப் பொய் வராது. சின்ன வயதில் மாங்காய் திருடிவிட்டு அவளைக் காப்பாற்றப் போய், அவரே இரண்டு பேரையும் காட்டிக்கொடுத்த ஆள்.

ராமையா நிமிர்ந்து நின்றார். "தாய் சுத்த ஜாதி, அதுல சந்தேகமே இல்லன்னு சொல்லுங்க. பிரசவத்துல பொழைச்சதே பெரிசு. பிறந்த குட்டியக் கையில எடுத்துட்டு இது இன்னது அது இன்னதுன்னு சொல்ற டாக்டரு ஏமாத்துக்காரன். கண்ணு தொறக்கணும், மூஞ்சி விழணும், எலும்பு பிடிக்கணும். அதுவரைக்கும் தாயக் குளிர்ச்சியா வச்சிருக்கணும், குட்டிங்கள எங்கயும் தூக்கிட்டுப் போகக் கூடாது. வளக்கறவரே கூட இருந்து பாத்துக்கணும். கிராணி இல்லேன்னா குட்டி பிழைக்காது. நான் வந்து வந்து பாத்துக்கறேன்."

வீரசாமி நெற்றியைச் சுருக்கி, வார்த்தை வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னார். மொரிதா கேட்டான். வாலை இன்னொரு தரம் பார்த்தான். மெல்லத் தலையை ஆட்டினான்.

"படிச்ச ஆளு பேசற மாதிரி பேசறீங்கன்னு சொல்றாரு. சரிங்கறாரு."

தர்மலிங்கத்தின் தோள் இறங்கியது. அவர் மச்சானைப் பார்த்த பார்வையில் காலையில் பேசியதெல்லாம் கரைந்து போயிருந்தது. மொரிதா குட்டியைத் தாயின் பக்கத்தில் வைத்தான். எழுந்தான். கையுறையை மாட்டினான். ஒரு விரல், இரண்டு விரல். வாசல் பக்கம் ஓர் எட்டு வைத்தான்.

அப்போதுதான் துரைசானி எழுந்தாள்.

எழக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நாயிடம் யார் சொல்வது? பின்னங்கால் இரண்டும் நடுங்க நடுங்க, இரண்டு வெள்ளைக் குட்டிகளையும் தாண்டி, மேசைக் காலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மொரிதாவின் பூட்ஸைக் கடந்து போனாள். அவன் ஹனா என்று கூப்பிட்டான், அவள் திரும்பவில்லை. அம்சவள்ளியின் முன்னால் வந்து நின்றாள். சப்பை மூக்கை உயர்த்தினாள்.

மடிக்குள் குட்டி அசைந்தது.

அம்சவள்ளி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கக் கூடாது என்று தெரிந்தும் கை போய்விட்டது. துரைசானி முன்னங்காலைத் தூக்கி அவள் புடவையில் வைத்தாள். முனகினாள். மறுபடி முனகினாள், கெஞ்சுகிற மாதிரி. காலையிலிருந்து அந்த அடுப்பங்கரையில் கேட்டதிலேயே அதுதான் மெல்லிய சத்தம்.

கையுறையின் மூன்றாவது விரலோடு மொரிதா நின்றான். நாயைப் பார்த்தான். பிறகு அவளை. அவன் கேட்டது இரண்டே வார்த்தைதான். குரல்கூட உயரவில்லை.

வீரசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நாய் எதுக்கு உங்க மடியையே பாக்குதுன்னு கேக்கறாரு."